உப்புக்குப் பதில்

மாஸ்டருக்கு இரண்டு காது, ஒரு மூக்கு, ஒரு நாக்கு. எல்லாருக்கும் உள்ளதுதானே என்பீர்கள். உள்ளதுதான். ஆனால் அவரிடம் அந்த நான்கும் சும்மா இருக்காமல் வேலை பார்த்தன. எண்ணெயில் விழுந்த முறுக்கு முதலில் கத்தும், அப்புறம் முணுமுணுக்கும், அப்புறம் வாயை மூடிக்கொள்ளும். வாய் மூடுகிற அந்த நொடி காதுக்குத் தெரிந்தால்தான் ஒருவன் தொழில்காரன். மாஸ்டர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமாவது வம்பளந்தபடியே, "எடு எடு, வெந்துருச்சு" என்பார். எடுத்து உடைத்தால் நடுவரை ஒரே நிறமாக இருக்கும். வெல்லப் பாகு கொதிக்கும்போது மூக்காலேயே பதம் சொல்வார். கடலை மூட்டையைப் பிரித்ததும் ஒரே ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது காறுது, திருப்பி அனுப்பு" என்பார். மூட்டை திரும்பிப் போகும்.

பட்டறை என்று பெயரே ஒழிய அது ஒரு நீளமான தகரக் கொட்டகை. மூன்று அடுப்பு, இரண்டு பெரிய மேசை, ஒரு தராசு. எண்ணெய்ப் புகை ஏறி ஏறி ஒரு பக்கச் சுவர் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. பத்தொன்பது வயதில் பாத்திரம் தேய்க்க வந்தவர், ஐம்பத்தெட்டு வயதில் அங்கே எல்லாவற்றுக்கும் மாஸ்டர். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

சத்து என்ற சொல்லை யாராவது எடுத்துவிட்டால் போதும், தொலைந்தார்கள். "கடலையில புரதம். வெல்லத்துல இரும்பு. எள்ளுல எலும்புக்குச் சுண்ணாம்பு. மூணையும் ஒரே உருண்டையில பிடிச்சுக் குடுக்கறேன். உங்க டாக்டர் அதையே மூணு டப்பாவா எழுதித் தருவாரு. டப்பா ருசிக்குமா? ருசிக்காதது உடம்புல எப்படிங்க ஒட்டும்?" என்று ஆரம்பிப்பார். வாங்க வந்தவர் தலையாட்டித் தலையாட்டி, கால் கிலோ கேட்க வந்த இடத்தில் அரைக் கிலோ வாங்கிப் போவார். மாஸ்டர் வியாபாரத்துக்காகச் சொன்னதில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் பிற்பாடு வினையானது.

அவரை அடக்க ஓர் ஆள் இருந்தது. பொட்டலம் கட்டும் மேசையில் வேலைக்குச் சேர்ந்த பெண். சேர்ந்த இரண்டாம் நாளே, யாரும் கேட்காமல், மாஸ்டரின் தட்டையைக் கடித்துவிட்டு, "மிளகு முழுசா கிடக்கு, பொடிச்சுப் போட்டா என்னவாம்?" என்று கேட்டாள். கொட்டகையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் மிளகு பொடித்துப் போட்டிருந்தது. அதற்கடுத்த வருடம் கல்யாணம். குற்றம் கண்டுபிடிக்கிற அந்தப் பழக்கத்துக்காகப் பட்டறையில் அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர் விழுந்தது. முப்பத்தொரு வருடம் அந்தப் பெயர் நிலைத்தது.

தினமும் சாயங்காலம் மாஸ்டர் அன்றைய ஈட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். இன்ஸ்பெக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாள். பிறகு "ம்" என்பாள். சின்ன "ம்" என்றால் ஏதோ கோளாறு. நடுத்தர "ம்ம்" என்றால் பரவாயில்லை. நீளமான "ம்ம்ம்" வருடத்துக்கு நாலைந்து தடவை வரும். அது வந்த அன்று மாஸ்டர் ராத்திரிச் சாப்பாட்டில் இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வார். நல்லாருக்கு என்று அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

முதலில் இன்ஸ்பெக்டரம்மாவுக்குக் கால் வீங்கியது. நின்று வேலை செய்கிறதால் என்றார்கள். அப்புறம் முகம் வீங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், பல வருடமாகக் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது என்றார். இனி திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளுக்குப் போன் போட்டார். இரண்டு மணி நேரத் தொலைவில் கல்யாணமாகிப் போயிருந்தவள் அடுத்த பஸ்ஸில் வந்து நின்றாள்.

மெஷினைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது அந்தத் தாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விஷயம் பார்க்கிற டயட் மேடம் ஒருத்தி இருந்தாள். மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடியும் பொறுமையும் உள்ள பெண். அவள் ஒரு தாளை நீட்டினாள். சாப்பிடலாம், கூடாது என்று இரண்டு பத்தி. கூடாது பத்தியில் கடலை, எள், வெல்லம், தேங்காய், பொட்டுக்கடலை, வாழைப்பழம், இளநீர் என்று போய்க்கொண்டே இருந்தது. மேலே சிவப்பு மையில் உப்பு என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

"என்ன மேடம், என் பட்டறையை அப்படியே பார்த்து எழுதிட்டீங்களா?" என்றார் மாஸ்டர். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

"அதெல்லாம் நல்ல பொருள்தான் சார். நமக்கு நல்லது. அம்மாவோட கிட்னி அதை வெளியே தள்ளாது. உள்ளேயே தங்கும்" என்றாள் அவள். "பழம், தேங்காய், வெல்லத்துல எல்லாம் பொட்டாசியம். அது ஏறினா நெஞ்சுக்கு ஆபத்து. உப்புல சோடியம். அது ஏறினா தண்ணி கோத்துக்கும், பிரஷர் ஏறும். ரெண்டையும் மறந்துடாதீங்க."

மாஸ்டர் மறக்கவில்லை. பழத்தில் பொட்டாசியம், உப்பில் சோடியம். மிளகாய்க்கு ஒரு டப்பா, மல்லிக்கு ஒரு டப்பா என்று வைக்கிற மாதிரி மனதில் இரண்டு டப்பா வைத்து இறுக்கி மூடிவிட்டார். ஒன்றில் இருப்பது இன்னொன்றிலும் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆறு மாதம் அந்தத் தாள்தான் வீட்டை ஆண்டது. மாஸ்டர் காய்களை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்து, மறுபடி கொட்டினார். அப்படிச் செய்தால் பொட்டாசியம் போகும் என்று மேடம் சொல்லியிருந்தாள். கூடவே ருசியும் போகும் என்பதைச் சொல்லவில்லை. உப்புச்சப்பில்லாத சோறு, உப்புச்சப்பில்லாத ரசம், பேப்பர் மாதிரி முட்டை வெள்ளைக்கரு.

இன்ஸ்பெக்டரம்மா அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நாலு வாய் எடுப்பாள், அப்புறம் கை நின்றுவிடும். "நாக்கு செத்துப்போச்சுங்க. மண்ணள்ளிப் போட்டுக்கற மாதிரி இருக்கு" என்பாள். வளையல் முழங்கைவரை ஏறியது. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டிவந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார். "சத்து இறங்கிட்டே போகுது. இப்படிச் சாப்பிடாம இருந்தா மெஷின் வச்சும் பிரயோஜனம் இல்ல. எப்படியாவது சாப்பிட வைங்க."

எப்படியாவது. நாற்பது வருடம் ஊரைச் சாப்பிட வைத்த மனிதரிடம் சொந்தப் பெண்டாட்டியைச் சாப்பிட வைக்கச் சொன்னார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

முதலில் உப்பில்லாத முறுக்கு போட்டார். உளுந்தைக் குறைத்து, அரிசி மாவில் வெண்ணெய் பிசைந்து, உப்பில்லாமல் ஒன்றிரண்டு கொடுக்கலாம் என்று மேடமே சொல்லியிருந்தாள். மிளகு, சீரகம், எலுமிச்சைச் சாறு என்று கையில் உள்ள வித்தையை எல்லாம் இறக்கினார். இன்ஸ்பெக்டரம்மா ஒரு கடி கடித்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் சொல்லாத சொல் அது. மறுநாள் தலையணை உறை மாற்றும்போது உள்ளிருந்து அந்த முறுக்கு விழுந்தது. ஓரத்தில் ஒரே ஒரு பல் பதிந்த கடி. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதார்.

அந்த வாரம் சோப்பு வாங்கப் பெரிய கடைக்குப் போனார். மளிகை வரிசையில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது. மேலே சிவப்பில் இதயம் படம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் "சோடியம் குறைவு". மாஸ்டர் நின்றுவிட்டார். சோடியம்! அவர் வீட்டுக்கு ஆகாதது என்று சிவப்பு மையில் கோடு போட்டுச் சொன்ன அதே சோடியம்.

"இது என்னம்மா, உப்புதானா?" என்று அங்கே அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"உப்புதான் சார். பிரஷர் உள்ளவங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க. ரொம்ப நல்லதாம்."

பின்பக்கத்திலும் ஏதோ அச்சடித்திருந்தது. கடுகைவிடச் சின்ன எழுத்து. மாஸ்டர் எந்தச் சரக்கையும் எழுத்தைப் படித்து வாங்கிப் பழகியவர் அல்லர். வீட்டுக்கு வந்து ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார். உப்பு. நிஜமான உப்பு. கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் மெல்லியதாக ஒரு கசப்பு வந்தது. உலோகத்தை நக்கிய மாதிரி.

இந்த இடத்தில் அவர் ஒரு போன் போட்டிருக்கலாம். மேடத்தின் நம்பர் தாளின் அடியிலேயே இருந்தது. எடுக்கவும் செய்தார், வைத்துவிட்டார். கேட்டால் வேண்டாம் என்பாள். கருவேப்பிலைப் பொடி வேண்டாம், பருப்பு கெட்டியாக வேண்டாம், பால் இரண்டாவது டம்ளர் வேண்டாம். ஆறு மாதத்தில் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு மாஸ்டரின் காது புளித்துப்போயிருந்தது. இன்னொரு தடவை கேட்க மனமில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்தக் கசப்பு அவருக்கு எச்சரிக்கையாகப் படவில்லை. தொழில் சவாலாகப் பட்டது. காறலை ஏலக்காயால் மறைத்தவர், புளிப்பை வெல்லத்தால் தட்டியவர், இதையா விடுவார்? கசப்பைக் கசப்பாலேயே மூடலாம் என்று ஓமத்தைக் கூட்டினார். ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தார். வெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டார். உப்பு மட்டாக இருந்ததால் அரைக் கிலோ மாவுக்கு இரண்டு ஸ்பூன் போடுகிற இடத்தில் மூன்று போட்டார். மூன்றாவது ஈட்டில் பதம் வந்துவிட்டது. தனக்கே தெரியாத அளவுக்கு மறைத்துவிட்டோம் என்று மாஸ்டருக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

இன்ஸ்பெக்டரம்மா கடித்தாள். கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு சட்டென்று திறந்தது.

"உப்பு! உப்பு போட்டீங்களா? ஆகாதுன்னாங்களே?"

"இது வேற உப்பும்மா. சோடியம் கம்மி. உன்ன மாதிரி ஆளுங்களுக்குன்னே விக்கறாங்க. ஹார்ட் படமெல்லாம் போட்டிருக்கு."

அவள் இன்னொரு கடி கடித்தாள். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். கொஞ்சம் காத்திருந்தாள்.

"கடைசில ஒரு கசப்பு வருது."

"ஓமம்."

"ஓமம் கடிச்சவுடனே தெரியும். இது முழுங்கினப்புறம் வருது."

"புது ஓமம். கடை மாத்தியிருக்கேன். சாப்பிடு நீ."

கல்யாணமான இத்தனை வருடத்தில் ருசி விஷயத்தில் மாஸ்டர் அவளிடம் பொய் சொன்னதில்லை. அடிப்பிடித்ததை அடிப்பிடித்தது என்றுதான் சொல்லுவார். அன்று சொன்னார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, கணவன் ஆசையாகச் செய்ததை நோண்டுவானேன் என்று நினைத்தாளோ என்னவோ, மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டாள். "ம்ம்ம்" என்றாள், நீளமாக. இரண்டாவது முறுக்குக்குக் கையை நீட்டினாள்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் நல்ல காலம். முட்டை வெள்ளைக்கருவில் அந்த உப்பு, ரசத்தில் அந்த உப்பு, சோறு வடிக்கும்போதே ஒரு சிட்டிகை. இன்ஸ்பெக்டரம்மா தட்டைக் காலி செய்தாள். மறுசோறு கேட்டாள். ரசத்தில் புளி அதிகம் என்று சண்டைக்கு வந்தாள். மாஸ்டருக்குக் கேட்கக் கேட்க ஆனந்தமாக இருந்தது. போனில் மகள் அழுதேவிட்டாள். "நீங்கதாம்பா அம்மாவக் காப்பாத்திட்டீங்க" என்றாள்.

மெஷின் அறையில் பக்கத்துக் கட்டிலில் ஒரு டெய்லர் படுப்பார். அவருக்கும் அதே திங்கள், புதன், வெள்ளி. அவர் மனைவி மாஸ்டரை அண்ணே என்பாள். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் அண்ணே, தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கறாரு" என்று அவள் ஒரு வெள்ளிக்கிழமை புலம்பினாள். மாஸ்டர் பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து அப்படியே அவளிடம் கொடுத்தார். அந்த உப்பில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் பையில் இருந்தது. அதையும் கொடுத்தார். "இனிமே இதைப் போட்டுச் சமைம்மா. அப்புறம் சொல்லு" என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்றுதான் நர்ஸ் ரிப்போர்ட்டோடு வந்தாள். "பொட்டாசியம் ஏறியிருக்கே. வாழைப்பழம் ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? இளநீர்?"

"கண்ணால பார்த்தே ஆறு மாசமாச்சு சிஸ்டர்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. அது சத்தியமான வார்த்தை. மாஸ்டரும் சத்தியம் செய்தார். டாக்டர் அன்று மெஷினில் இன்னும் அரைமணி நேரம் கூட்டினார். வீட்டுக்குப் போனதும் மாஸ்டர் காயை இரண்டு தண்ணீருக்குப் பதிலாக மூன்று தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினார். பிறகு அந்த உப்பைப் போட்டுத் தாளித்தார்.

சனி, ஞாயிறு மெஷின் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "காலு ரெண்டும் என்னோடதில்லாத மாதிரி இருக்குங்க. தூக்க முடியல" என்றாள். பலவீனம் என்று மாஸ்டர் நினைத்தார். பலவீனத்துக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இரண்டு வெள்ளைக்கரு அடித்து, மிளகும் உப்பும் தூவி, தோசைக்கல்லில் போட்டு ஊட்டிவிட்டார். அவளும் சாப்பிட்டாள். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்து, நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தபோது, இன்ஸ்பெக்டரம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை. நெஞ்சில் கைவைத்து அழுத்தினார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். பழம் தொடவில்லை என்று மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். கடைசி நாட்களில் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள், அந்த மட்டுக்கும் மாஸ்டர் குறை வைக்கவில்லை என்றார்கள். அவருக்கும் அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

நாலாம் நாள் டயட் மேடம் போன் செய்து வரச் சொன்னாள். மாஸ்டரும் மகளும் போனார்கள். மெஷினுக்குப் போகிற நாட்களில் தூக்குகிற பையைப் பழக்கத்தில் அவர் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

மேடம் முன்னால் ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். "எனக்கு மனசு ஒப்பல சார். ரெண்டு வாரத்துல இவ்வளவு ஏறுறதுக்கு ஏதாவது காரணம் இருக்கணும். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அம்மா என்னென்ன சாப்பிட்டாங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

மாஸ்டர் சொன்னார். எத்தனை தண்ணீரில் வேகவைத்தார், எத்தனை முட்டை, எவ்வளவு சோறு. சொல்லும்போது பழைய பெருமைகூடக் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. மேடம் எழுதிக்கொண்டே வந்தாள்.

"உப்பு?"

"உப்பு தொடவே இல்ல மேடம். சோடியம் கம்மி உப்புதான் போட்டேன்."

பேனா நின்றது. "எந்த உப்பு?"

பையில் துழாவினார். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற முட்டைக்குத் தூவ ஒரு பாதிப் பொட்டலம் எப்போதும் அதில் இருக்கும். எடுத்து மேசைமேல் வைத்தார். மேடம் அதைத் திருப்பினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் மகள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல சோடியத்தைக் குறைச்சுட்டு, அதுக்குப் பதிலா பொட்டாசியம் போடுவாங்க சார். பாதிக்கு மேல பொட்டாசியம். கிட்னி சரியில்லாதவங்க டாக்டரைக் கேட்காம சாப்பிடக் கூடாதுன்னு இங்கயே போட்டிருக்கு." அவள் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "எவ்வளவு போட்டீங்க?"

"அரைக் கிலோ மாவுக்கு மூணு ஸ்பூன்" என்றார் மாஸ்டர். யார் அளவு கேட்டாலும் சட்டென்று வருகிற பதில், அப்போதும் சட்டென்று வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

வெளியே வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா வேண்டாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லியிருப்பேன்" என்றாள் மேடம். அவள் கண் நிறைந்துவிட்டது. "என் தாள்லயும் நான் இதை எழுதல. எழுதியிருக்கணும்."

மகள் எழுந்து வெளியே போனாள். மாஸ்டர் மேசைமேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கசக்கிறது என்று இன்ஸ்பெக்டரம்மா சொன்னாள். வாய்விட்டுச் சொன்னாள். முழுங்கின பிறகு வருகிறது என்று இடம்கூடச் சரியாகச் சொன்னாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அந்த நினைப்பிலேயே இன்னும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாரோ, அப்போதுதான் டெய்லர் ஞாபகம் வந்தது. பேய் அறைந்தவர்போல எழுந்தார்.

மேடத்திடம் விவரம் சொன்னதும் அவள் போனை எடுத்தாள். டெய்லர் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. "நேத்து புதன்கிழமை அவர் மெஷினுக்கு வரல சார், நீங்க உடனே போங்க. இருக்கற நிலைமையில அப்படியே கூட்டிட்டு வாங்க, நான் இங்க சொல்லி வைக்கறேன்" என்றாள்.

வராந்தாவில் மகள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். "பாப்பா, டெய்லருக்கும் குடுத்திருக்கேன்" என்றார். அவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை மாஸ்டர் சாகும்வரை மறக்கமாட்டார். ஆனால் கூடவே வந்தாள். டாக்சியில் அவள் ஒரு கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள். நடுவில் இன்னோர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

டெய்லர் வீடு மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. தையல் மெஷின்மேல் மாஸ்டரின் முறுக்கு டப்பா இருந்தது. அடியில் இரண்டு முறுக்குதான் மிச்சம். டெய்லர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மன்னிக்கணும் மாஸ்டர். திங்கக்கிழமை நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுன்னாங்க, வீட்டுக்கு வந்து துக்கம் கேக்க முடியல. நேத்துலேருந்து கால்ல பலமே இல்ல. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகல, பார்த்துக்கோங்க. ஆனா சாப்பாடு நல்லாச் சாப்பிடறேன்."

மாஸ்டர் டப்பாவை எடுத்து ஜன்னல் வழியே வெளியே கொட்டினார். சமையலறைக்குள் நுழைந்து உப்புப் பொட்டலத்தைத் தேடி எடுத்து, கழுவுகிற தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். டெய்லர் மனைவி கையில் கரண்டியோடு பின்னாலேயே வந்து நின்றாள்.

"தங்கச்சி, இதுல விஷம் இருக்கு. உன் வீட்டுக்காரருக்கு விஷம். என் பொண்டாட்டிய நான் இதைக் குடுத்துத்தான் கொன்னேன். உங்களுக்கும் நான்தான் கொண்டாந்து குடுத்தேன்" என்றார். இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அவருக்கே அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "இப்பவே கிளம்பணும். கீழே டாக்சி நிக்குது."

கரண்டி கீழே விழுந்தது. அழுகையும் கேள்வியுமாகக் கொஞ்ச நேரம் அறையே கலங்கியது. மகள்தான் நிலைமையைக் கையில் எடுத்தாள். டெய்லரின் ஒரு கையைத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். டாக்சிக்காரர் மேலே வந்து இன்னொரு பக்கம் பிடித்தார். படி இறங்கும்போது டெய்லர் மூச்சு வாங்க வாங்க, "திட்டாதீங்கம்மா உங்கப்பாவ. எவ்வளவு நாளைக்கப்புறம் நாக்குக்கு உசிரு வந்துச்சு தெரியுமா?" என்றார். மகள் அவர் கையை இறுக்கிப் பிடித்து அடுத்த படியில் இறக்கினாள்.

மேலே டெய்லர் மனைவி அடுப்பை அணைத்தாள். பையில் ரிப்போர்ட்டுகளைத் திணித்தாள். கதவைச் சாத்திப் பூட்டுவதற்குள் மூன்று தடவை சாவியைத் தவறவிட்டாள். மூன்று தடவையும் மாஸ்டர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அடிப்பாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் அதெல்லாம் செய்யவில்லை. பூட்டைக் கையில் பிடித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, இந்த அஞ்சு நாள்தான் இவரு வயிறார சாப்பிட்டாரு. பொழச்சு வந்துட்டா, இனிமே இவருக்கு நான் என்னண்ணே குடுப்பேன்?"

எதைத் தின்றால் என்ன சத்து என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனிதர் வாயைத் திறந்தார், மூடினார்.

"தெரியலம்மா" என்றார். "வா, போலாம்."